மொட்டை மாடியில் 13 வோல்ட்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்றால், கோபுரங்களுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது டிஷ்கள்தான். கீழே தறி, மேலே டிஷ். டி.டி. ஃப்ரீ டிஷ் பார்க்கிற வீடுகளில் எல்லாத் தட்டுகளும் ஒரே பக்கம் முகம் திருப்பியிருக்கும். அது தென்கிழக்கு, வாஸ்து பேசுகிறவர்கள் அக்னி மூலை என்பார்கள். அந்தத் திசையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் ஜிசாட்-15 நிற்கிறது. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏவப்பட்ட செயற்கைக்கோள். காஞ்சிபுரத்திலிருந்து கணக்குப் போட்டால், அது வடக்கிலிருந்து வலமாக 132 டிகிரியில், அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் வருகிறது. அந்த ஒரு புள்ளியை நோக்கித் தட்டைத் திருப்பி நிறுத்துவதற்கு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு மீட்டர் உண்டு. ஒரு முள், பூஜ்யத்திலிருந்து பத்து வரை கோடுகள், ஒரு திருகு, கேபிள் மாட்ட இரண்டு முனைகள். சிலவற்றில் கீச்சென்று கத்தும் பஸ்ஸரும் இருக்கும். அதற்கு மாடியில் மின்சாரம் எங்கிருந்து கொடுப்பது என்பது சில்லறைக் கேள்வி போலத் தோன்றும். தட்டு திருப்புகிற வேலையில் பாதி அந்தக் கேள்வியில்தான் கெடுகிறது என்பது என் கருத்து.

முதலில் ஒரு பேச்சுவழக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். ‘மீட்டருக்கு பவர் வேண்டும்’ என்கிறோம். பெரிய பசி மீட்டருக்கு இல்லை; தட்டின் முன்னால், கைபோல நீளும் கம்பியின் நுனியில் உட்கார்ந்திருக்கிற எல்.என்.பி.க்குத்தான். கோளிலிருந்து கிளம்பிய அலை, 60 சென்டிமீட்டர் தட்டில் வந்து விழும்போது, ஒரு டிரான்ஸ்பாண்டருக்கு ஏறக்குறைய ஒரு வாட்டின் இலட்சம் கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அதுவும் நொடிக்கு 1,100 கோடிக்கும் மேல் அதிர்கிற மைக்ரோ அலை. அதை அப்படியே கேபிளில் இறக்கினால் சில மீட்டர்களுக்குள் கரைந்துபோகும். ஆகவே அலை வந்து விழுகிற இடத்திலேயே அதை இலட்சக்கணக்கான மடங்கு பெருக்கி, அதிர்வெண்ணையும் குறைத்துக் கீழே அனுப்ப வேண்டியிருக்கிறது. 11.5 கிகாஹெர்ட்ஸில் வரும் அலையிலிருந்து 9.75 கிகாஹெர்ட்ஸைக் கழித்து 1,750 மெகாஹெர்ட்ஸாக்கித் தருவது எல்.என்.பி. இந்த வேலைக்கு அது 100 முதல் 200 மில்லி ஆம்பியர் வரை இழுக்கிறது. ஒன்றரை, இரண்டு வாட் என்று வைத்துக்கொள்ளலாம். தனியாக மின்கம்பி எதுவும் மாடிக்குப் போவதில்லை. சிக்னல் இறங்கி வருகிற அதே கேபிளின் நடுச்செம்பு வழியாகத்தான் செட்டாப் பாக்ஸ் மின்சாரத்தை மேலே ஏற்றுகிறது. மேலே போவது நேர்மின்னோட்டம், கீழே வருவது உயர் அதிர்வெண் அலை. ஒரே கம்பியில் எதிரெதிராகப் போனாலும் இவை ஒன்றையொன்று இடிப்பதில்லை. ஒரு சிறு மின்சுருளும் மின்தேக்கியும் போதும், இரண்டையும் பிரித்துவிடலாம். மீட்டர் இந்தக் கேபிளின் நடுவில் செருகப்படுகிறது. மேலே போகிற மின்சாரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை எல்.என்.பி.க்கு விட்டுவிடுகிறது. மின்சாரமே வராத கேபிளில் மீட்டரைச் செருகி, முள் அசையவில்லை என்று தட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்புவது, விளக்கேற்றாமல் கண்ணாடியைத் துடைப்பதற்குச் சமம்.

இந்த மின்சாரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் இடத்தை மிச்சம்பிடிக்க, ஒரே அதிர்வெண்ணில் இரண்டு அலைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அனுப்புகின்றன; ஒன்று செங்குத்தாக அதிரும், மற்றொன்று கிடையாக அதிரும். எல்.என்.பி.யின் வாய்க்குள் இரண்டு ஊசிகள் செங்கோணத்தில் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஓர் அலையைப் பிடிக்க. எந்த ஊசியைக் கேட்க வேண்டும் என்று எல்.என்.பி.க்குச் சொல்வது எப்படி? அதற்கும் தனிக் கம்பி இல்லை. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 வோல்ட் அனுப்பினால் கிடை. அதற்கு மேல் 22 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய துடிப்பையும் சேர்த்து அனுப்பினால், யுனிவர்சல் எல்.என்.பி. கழிக்கிற எண்ணை 9.75-இலிருந்து 10.6 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டு அலைவரிசையின் மேல்பாதிக்குத் தாவும். பட்டுத்தறியில் மிதிக்கிற கால் வலுவைக் கொடுக்கிறது. எந்தப் பாவு இழை எழ வேண்டும் என்பதை ஜக்கார்டு பெட்டியில் தொங்குகிற துளையிட்ட அட்டை சொல்கிறது. எல்.என்.பி.யில் காலும் அட்டையும் ஒன்றே. வோல்ட்தான் ஊட்டம், வோல்ட்தான் கட்டளை. அதனால் மீட்டருக்கு ‘ஏதோ ஒரு’ பேட்டரியைக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிட முடியாது. என்ன வோல்ட் கொடுக்கிறோமோ அந்தப் பாதி வானத்தைத்தான் முள் நமக்குக் காட்டும்.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. கீழே டிவி பக்கத்தில் இருக்கும் பாக்ஸிலிருந்தே, ஏற்கனவே போட்ட கேபிள் வழியாக மின்சாரம் வரட்டும் என்று விடுவது ஒன்று. எக்ஸ்டென்ஷன் போர்டு இழுத்து, பாக்ஸையும் ஒரு சின்ன டிவியையும் மாடிக்கே கொண்டுபோவது இன்னொன்று. மூன்றாவது, மாடியிலேயே ஒரு பேட்டரியிலிருந்து மீட்டருக்குக் கொடுப்பது. இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை நாளில் ஈரத்தரை, கையில் இரும்புத் தட்டு, காலடியில் 230 வோல்ட். இதைச் செய்யவே கூடாது. முதல் வழிக்குத்தான் நியாயமான ஆதரவு இருக்கிறது. பாக்ஸ் சரியான வோல்ட்டைத் தரும், துடிப்பையும் தரும், கம்பிகள் ஒட்டிக்கொண்டால் தானே நின்றுவிடும் பாதுகாப்பும் அதற்கு உண்டு. கேபிளில் வோல்ட் இறங்கிவிடாதா என்றால், நல்ல ஆர்.ஜி.-6 கேபிளில் 30 மீட்டருக்குப் போகவர மூன்று, மூன்றரை ஓம் தடைதான். 150 மில்லி ஆம்பியருக்கு அரை வோல்ட் குறையும், அவ்வளவே. ஆனால் பழைய கேபிளும், நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பும், பச்சை பூத்த கனெக்டரும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அப்படிப்பட்ட கேபிளோடு மாடியில் முள்ளைப் பார்த்தால், கோளாறு தட்டின் திசையிலா கேபிளிலா என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது. பேட்டரியை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான். எல்.என்.பி.க்கும் மீட்டருக்கும் இடையே ஒரு மீட்டர் புதுக் கேபிள், அந்தப் பக்கம் பேட்டரி என்று வைத்துக்கொண்டால், வீட்டுக் கேபிளின் கோளாறு எதுவும் தட்டு திருப்புகிற வேலைக்குள் நுழையாது. முள் ஏறியபின் பேட்டரியை எடுத்துவிட்டு வீட்டுக் கேபிளை மாட்டும்போது படம் வரவில்லை என்றால், குற்றவாளி யார் என்பது ஐயமில்லாமல் தெரிந்துவிடும்.

எந்த பேட்டரி என்பதில்தான் கவனம் வேண்டும். எல்.என்.பி.க்கள் பொதுவாக 11.5-இலிருந்து 14 வோல்ட் வரை செங்குத்து என்றும், 16-இலிருந்து 19 வரை கிடை என்றும் புரிந்துகொள்ளும்படி செய்யப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். யு.பி.எஸ்.களில் போடுகிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி முழுச் சார்ஜில் 12.7 வோல்ட் காட்டும். செங்குத்துக்கு அது கச்சிதம். எல்.என்.பி.யும் மீட்டரும் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். சதுரமான 9 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடுத்து 18 வோல்ட் ஆக்கிவிடலாம் என்று தோன்றும். வோல்ட் சரிதான், இவ்வளவு மின்னோட்டத்தை அவை நீண்ட நேரம் தாங்காது. கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கும். இதைவிட ஏமாற்றுவது நான்கு லித்தியம் செல்களைத் தொடுத்த பேட்டரி. முழுச் சார்ஜில் 16.8 வோல்ட், எல்.என்.பி. ‘கிடை’ என்று எடுத்துக்கொள்ளும். வேலை நடக்க நடக்க வோல்ட் இறங்கி 15-ஐ ஒட்டி வந்ததும் எப்போது வேண்டுமானாலும் ‘செங்குத்து’ என்று மனம் மாறும். தட்டு அசையவே இல்லை, முள் மட்டும் குதிக்கும். தட்டுதான் ஆடிவிட்டது என்று நினைத்து, சரியாக நின்றிருந்ததைக் கெடுத்துக்கொள்வோம். கட்டளை தவறும்போது கருவி பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத கேள்விக்கு உண்மையான பதிலைத் தந்துவிடுகிறது.

பேட்டரிக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் இரண்டு வலுவானவை. 12 வோல்ட் பேட்டரி துடிப்பை அனுப்பாது, செங்குத்தை மட்டுமே, அதுவும் அலைவரிசையின் கீழ்ப்பாதியை மட்டுமே காட்டும். அப்படியானால் பாதிச் சேனல்களுக்குத் தட்டு சரியாக இல்லாமல் போகாதா என்பது முதலாவது. போகாது. குறுக்கலையும் நெடுக்கலையும் கிளம்புவது ஒரே கோளிலிருந்து, வானத்தில் ஒரே புள்ளியிலிருந்து. ஒன்றை வைத்துத் தட்டைக் கச்சிதமாக நிறுத்திவிட்டால் மற்றதற்கும் அதுவே கச்சிதம். விதிவிலக்கு ஒன்று உண்டு: எல்.என்.பி.யைப் பிடியில் திருகி வைக்கிற கோணம். நிலநடுக்கோட்டை நெருங்கிய நம் ஊர்களில், கோள் கிழக்கே தள்ளியிருந்தால், இந்தத் திருகல் பெரிதாகவே வரும். அதைப் பேட்டரியும் முள்ளும் காட்டா; ஓர் அலை குறைகிற இடத்தில் மற்றது ஏறி, மொத்தம் அப்படியே நிற்கும். அதை பாக்ஸில்தான் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது எதிர்ப்பு பாதுகாப்பு பற்றியது. அது முழுக்க நியாயம். கனெக்டர் முறுக்கும்போது கேபிளின் பின்னல் கம்பியில் ஒரே ஓர் இழை நடுச்செம்பைத் தொட்டால், பாக்ஸ் தன்னை அணைத்துக்கொள்ளும்; ஈய அமில பேட்டரிக்கு அந்த அறிவு கிடையாது, பத்துக் கணக்கான ஆம்பியரைக் கொட்டிக் கம்பியைப் பழுக்க வைத்துவிடும். ஆகவே பேட்டரியின் நேர்முனையிலேயே ஓர் ஆம்பியர் ஃபியூஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. நேர்முனை நடுச்செம்புக்கு, எதிர்முனை பின்னலுக்கு. இன்னொன்று, பேட்டரியும் பாக்ஸும் ஒரே நேரத்தில் ஒரே கேபிளில் இருக்கக் கூடாது. மீட்டர் மின்சாரத்தைத் தன் வழியாக விட்டுவிடுகிற கருவி. இரண்டையும் சேர்த்து மாட்டினால் பேட்டரியின் மின்சாரம் பாக்ஸின் வயிற்றுக்குள் பின்பக்கமாக ஏறும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா, கண்ணால் பார்த்து, பக்கத்து வீட்டுத் தட்டைப்போல வைத்தால் போதாதா? இதற்கு விடை 2010 ஜூலையில் தமிழ்நாட்டு மாடிகளிலேயே கிடைத்தது. அந்த மாதம் 7-ஆம் தேதி, 93.5 டிகிரியில் நின்ற இன்சாட்-4பி கோளின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று மின்கோளாறில் சிக்கியது. இருந்த 24 டிரான்ஸ்பாண்டர்களில் 12-ஐ அணைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோளை நம்பியிருந்த சன் டைரக்ட், மலேசியாவின் மீசாட்-3 கோளுக்கு, 91.5 டிகிரிக்கு மாறியது. வானத்தில் மின்சாரம் பாதியானதால் பூமியில் தட்டுகளைத் திருப்ப வேண்டி வந்தது. காஞ்சிபுரத்தில் இருந்து பார்த்தால் அந்த இரண்டு கோள்களுக்கும் இடைவெளி 2.3 டிகிரி. 60 சென்டிமீட்டர் தட்டின் பார்வை அகலமோ மூன்று டிகிரிக்குள்தான், 2.3 டிகிரி விலகினால் கிடைக்கிற ஆற்றல் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், படத்துக்கு அது போதாது. அதைச் சரிசெய்யத் திசையில் 4.7 டிகிரி திருப்ப வேண்டும், உயரத்தில் 1.6 டிகிரி தூக்க வேண்டும். தட்டு பிடித்திருக்கும் குழாய் நான்கு சென்டிமீட்டர் தடிமன் என்றால், அந்த 4.7 டிகிரி குழாயின் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்வுதான். பழைய போல்ட் விட்ட துருக்கோட்டுக்கும் புதிய இடத்துக்கும் நடுவே ஒரு நகத்தின் நுனி வைக்கிற அளவு. இந்த அளவைக் கண்ணால் யாரும் வைக்க முடியாது. மாடியில் ஒருவர் திருப்ப, கீழே ஒருவர் டிவியைப் பார்த்து ‘வந்துச்சா’, ‘இன்னும் இல்ல’, ‘வந்துச்சு, போச்சு’ என்று கத்துகிற முறையிலும் முடியாது. டிஜிட்டல் பாக்ஸ் சிக்னலைப் பிடித்துப் படமாக்கச் சில நொடிகள் எடுக்கும், அதற்குள் கை அந்த ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டிப் போயிருக்கும். முள்ளுக்கு அந்தத் தாமதம் இல்லை. கை அசையும்போதே அதுவும் அசைகிறது.

முள் எதை அளக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 950-இலிருந்து 2,150 மெகாஹெர்ட்ஸ் வரை கேபிளில் வருகிற மொத்த ஆற்றலையும் கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அது எந்தக் கோள், அதில் என்ன சேனல் என்பது அதற்குத் தெரியாது. இதைச் சோதிக்க எளிய வழி உள்ளங்கை. வெறும் வானத்தைப் பார்த்திருக்கும் எல்.என்.பி.யின் வாயைக் கையால் மூடினால், உணர்வுள்ள மீட்டரில் முள் மெல்ல ஏறும். நம் உடம்பின் வெப்பமே மைக்ரோ அலைகளை உமிழ்கிறது, குளிர்ந்த வானத்தைவிட அதிகமாக. எல்.என்.பி.க்கு மின்சாரம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. கோளைப் பிடித்திருக்கும்போது அதே கையை வைத்தால் முள் விழும். இதன் பெரிய வடிவத்தைச் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை செய்துகாட்டுகிறது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காஞ்சிபுரத்திலிருந்து பார்க்கும்போது சூரியன் ஜிசாட்-15-க்கு நேர் பின்னால் வருகிறது. மார்ச்சில் காலை சுமார் 11.15 மணிக்கு, செப்டம்பரில் 11 மணியை ஒட்டி. அந்தச் சில நிமிடங்களில் சூரியனின் இரைச்சல் தட்டுக்குள் கொட்டும். முள் ஏறும், படமோ உடையும். ஆற்றல் கூடியது, செய்தி மூழ்கியது. முள்ளை மட்டுமே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அப்படியானால் முள் எதற்கு என்று கேட்டால், தேடுவதற்கும் கூர்மையாக்கும் வேலைக்கும் முள். இது நாம் தேடிய கோள்தானா என்று உறுதிசெய்ய பாக்ஸின் தரக் குறியீடு. பாக்ஸ் திரையில் வலிமை என்றும் தரம் என்றும் இரண்டு பட்டைகள் இருக்கும். முள்ளின் உறவு வலிமையோடுதான், படத்தின் உறவு தரத்தோடு.

சூரியன் நிற்கிற அந்த இடம் வேறொரு சந்தேகத்தையும் தீர்த்துவைக்கும். சிக்னல் வராத வீட்டில் முதலில் குற்றம் சுமப்பது கோபுரம் அல்லது பக்கத்து மாடி. ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரத்தை, 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியதை, எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 190 அடி உயரம். 68 டிகிரியில் இறங்கி வருகிற அலைக்கு அந்தக் கோபுரம் விரிக்கிற நிழல் 77 அடிக்கு மேல் நீளாது, அதுவும் கோபுரத்துக்கு வடமேற்கே. அங்கே இருப்பது கோயிலின் உட்பகுதி, வீடுகள் இல்லை. தெருவில் இருக்கிற வீடுகளுக்குக் கோபுரம் பாரமே இல்லை. மாடியை ஒட்டி வளர்ந்த தென்னையும், பக்கத்து மாடியில் புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டியும் மறைக்கக்கூடும். மார்ச் நடுவில் காலை 11.15 மணிக்குத் தட்டின் மேல் நல்ல வெயில் விழுந்தால் எதுவும் மறைக்கவில்லை என்று பொருள். கைப்பேசிச் செயலிகளும் கோள் நிற்கும் திசையைக் காட்டுகின்றன, ஓரளவு உதவும். ஆனால் அவற்றின் திசைகாட்டி காந்தத்தை நம்பியது. இரும்புக் குழாய்க்கும் கான்கிரீட் கம்பிக்கும் பக்கத்தில் வைத்தால் பல டிகிரி பிசகும். ஒன்றரை மில்லிமீட்டர் வேலைக்கு அது போதாது.

கடைசியில் போல்ட். தட்டைக் கச்சிதமாக நிறுத்திய பிறகு ஒரு பக்கத்து நட்டை மட்டும் ஒரே மூச்சில் இறுக்கினால், தட்டு அந்தப் பக்கம் இழுபட்டு, தேடிக் கண்டுபிடித்த ஒன்றரை மில்லிமீட்டர் அங்கேயே தொலைந்துபோகும். முள்ளின் திருகை, அது ஏழில் நிற்கும்படி குறைத்துவைத்துக்கொள்ள வேண்டும். பத்தில் முட்டி நிற்கிற முள் எதையும் சொல்லாது. பிறகு இடம் ஒரு கால் சுற்று, வலம் ஒரு கால் சுற்று என்று மாற்றி மாற்றி, முள்ளைப் பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும். முள் சரிந்தால் நிறுத்தி, எதிர்ப்பக்கத்தை இறுக்கி மீட்க வேண்டும். கடைசி நட்டும் இறுகி, தட்டின் விளிம்பைக் கையால் மெல்லத் தள்ளி விட்டபோது முள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால், அப்போது பேட்டரியைப் பிரிக்கலாம். பிறகு அணைத்துவைத்த பாக்ஸின் கேபிளை எல்.என்.பி.யில் முறுக்கி, கீழே போய் சுவிட்சைப் போட்டு, எல்.என்.பி.யின் திருகலைத் தரப் பட்டையைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கனெக்டரின் மேல் நீர் புகாத டேப் சுற்றுவதையும் அன்றே முடித்துவிட வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால்.